கேள்விப் பெட்டியில் எல்லோரும் சீட்டு போடட்டும்

உடல், உணர்வு, நட்பு பற்றிய பாடங்களில் குழந்தைகள் கேட்க நினைப்பது நிறைய. கை தூக்கிக் கேட்பது குறைவு. அதற்குத்தான் கேள்விப் பெட்டி: கேள்வியைப் பெயர் எழுதாமல் ஒரு சீட்டில் எழுதி அதில் போடலாம். ஆனால் கேள்வி உள்ளவர் மட்டும் சீட்டு போட்டால் யாருடையது என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி சீட்டு கொடுங்கள். கேட்க எதுவும் இல்லாதவர்கள் அன்று பாடத்தில் பிடித்ததை எழுதட்டும். தனியாகப் பேச விரும்புகிறவர்கள் பெயரும் எழுதலாம்.

சீட்டுகளை வகுப்பிலேயே பிரிக்க வேண்டாம். அன்றே தனியாகப் படித்து, வயதுக்கேற்ற பதிலை அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.

அப்புறம், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே சொல்லியாக வேண்டும். இதைக் குழந்தைகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.