'வரலாற்றில் இன்று' எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி அறிவிப்புப் பலகைக்கும் சிறு பத்திரிகைகளுக்கும் 'வரலாற்றில் இன்று' பகுதி எழுதும் புதியவர்கள், பட்டியலை அனுப்பும் முன் ஒருமுறை என்னிடம் காட்டுவது வழக்கம். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. தொடக்கத்தில் நானும் இவற்றையெல்லாம் செய்தவன்தான் என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. எழுத்துப் பிழை, ஆண்டின் இலக்கம் இடம் மாறிப்போவது, பிறந்தநாளை நினைவுநாள் என்று எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நாலு பட்டியல் எழுதினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

ஒரே தேதி என்றால் ஒரே நாள் என்று எண்ணுவது

ஏப்ரல் 23-க்கு வரும் எந்தப் பட்டியலிலும் இந்த வரி இருக்கும்: '1616-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் மறைந்தார்கள்.' படிக்க அழகான வரி. ஆனால் எழுத்தாளர் செர்வாண்டிஸ் வாழ்ந்த ஸ்பெயினில் அந்த ஏப்ரல் 23 சனிக்கிழமை, ஷேக்ஸ்பியரின் இங்கிலாந்தில் செவ்வாய்க்கிழமை. கிழமையே வேறு என்றால் ஒரே நாளாக எப்படி இருக்க முடியும்?

ஜூலியன் நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு 365¼ நாள் என்று கணக்கு வைத்திருந்தது. உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. நூற்றாண்டுகள் போகப் போக அந்த நிமிடங்கள் சேர்ந்து நாட்களாகிவிட்டன. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி இதைத் திருத்தினார். ஜூலியன் பழைய கணக்கு, அவர் திருத்தியது இன்று நாம் பயன்படுத்தும் புதிய கணக்கு. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, போலந்து நாடுகளில் அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. நடுவில் பத்துத் தேதிகள் கிடையாது. போப் சொன்னதை ஏற்க மனமில்லாத இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. ரஷ்யா மாறியது 1918-இல்தான்.

ஆக, ஷேக்ஸ்பியர் மறைந்த அன்று ஸ்பெயினில் தேதி மே 3. செர்வாண்டிஸ் அதற்குள் அடக்கமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த 23-ஆம் தேதியும் அவர் அடக்கம் செய்யப்பட்ட தேதிதான், இறந்தது 22 என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. யுனெஸ்கோ 1995-இல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தது. அதைத் தாராளமாக எழுதுங்கள். 'ஒரே தேதி' என்றும் எழுதலாம். 'ஒரே நாள்' என்று மட்டும் வேண்டாம்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பள்ளி வினாடி வினாவைச் சொல்கிறேன். 'கலிலியோ இறந்த ஆண்டில் பிறந்த விஞ்ஞானி யார்?' என்பது கேள்வி. ஒரு மாணவி எழுந்து, "நியூட்டன்னு எல்லாரும் சொல்லுவாங்க சார், ஆனா அது சரியில்ல. அப்போ இங்கிலாந்துல காலண்டரே வேற" என்றாள். விடைத்தாளில் நியூட்டன் என்று இருந்தது. மதிப்பெண் அடுத்த அணிக்குப் போய்விட்டது. அந்த விடைத்தாள் ஒரு 'வரலாற்றில் இன்று' பட்டியலைப் பார்த்துத் தயாரித்தது என்று பிறகு தெரிந்தது.

அவள் சொன்னதுதான் சரி. கலிலியோ இத்தாலியில் 1642 ஜனவரி 8 அன்று இறந்தார். அது புதிய கணக்கு. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று. அது இங்கிலாந்தின் பழைய கணக்கு. நியூட்டனைப் புதிய கணக்குக்குக் கொண்டுவந்தால் 1643 ஜனவரி 4. கலிலியோவைப் பழைய கணக்குக்குக் கொண்டுபோனால் 1641 டிசம்பர் 29. எந்தப் பக்கம் திருப்பினாலும் இருவரும் ஒரே ஆண்டில் வரமாட்டார்கள். கலிலியோவுடன் ஒரு பொருத்தம் வேண்டுமென்றால் ஸ்டீபன் ஹாக்கிங் இருக்கிறார்: பிறந்தது 1942 ஜனவரி 8, சரியாக 300 ஆண்டு கழித்து. அன்று உலகத்தில் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இது ஐரோப்பியர் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் குறிப்புப்படி கோட்டை பணிந்தது செப்டம்பர் 10. பிரெஞ்சுக் குறிப்புப்படி செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்தான். புதுச்சேரி புதிய கணக்கில் இருந்தது, சென்னை பழைய கணக்கில் இருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் இரண்டு தனிச் சம்பவங்களாகப் போட்ட பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அதே காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ் வருடம், தமிழ் மாதம், தேதி என்று எழுதிக்கொண்டிருந்தார். 1746-47 அட்சய வருடம். இப்படி ஒரே கடற்கரையில் மூன்று கணக்கு ஓடிய காலம் அது. பழைய நூலிலிருந்து தேதி எடுக்கும்போது அது யாருடைய கணக்கு என்று பார்க்காமல் எழுதவே கூடாது.

எத்தனை நாள் வித்தியாசம் என்பதிலும் வழுக்குவார்கள். 1700 பிப்ரவரி வரை 10 நாள், பிறகு 1800 வரை 11, 1900 வரை 12, அதற்குப் பிறகு 13. ரஷ்யா என்றாலே 13-ஐக் கூட்டிவிடுவது பெரிய தொல்லை. டால்ஸ்டாய் பிறந்த 1828 ஆகஸ்ட் 28-க்கு 12 நாள் கூட்டி செப்டம்பர் 9 என்று எழுத வேண்டும், 10 அல்ல. அக்டோபர் புரட்சி நடந்தது பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25, அதாவது நவம்பர் 7. அந்தப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கி பிறந்தது பழைய கணக்கில் 1879 அக்டோபர் 26. 12 நாள் கூட்டினால் அதுவும் நவம்பர் 7. புதிய கணக்கில் புரட்சியும் அவருடைய பிறந்தநாளும் ஒரே தேதி, பழைய கணக்கில் ஒரு நாள் இடைவெளி!

எளிய சோதனை ஒன்று உண்டு. நாட்காட்டி மாறியபோது தேதிதான் தாண்டியது, கிழமை தாண்டவில்லை. மூல ஆவணத்தில் கிழமை இருந்தால் அதை வைத்தே எந்தக் கணக்கு என்று கண்டுபிடித்துவிடலாம்.

அதற்காக எல்லாத் தேதியையும் மாற்றி எழுதக் கிளம்பிவிடாதீர்கள். சென்னை தினமான 1639 ஆகஸ்ட் 22 பழைய கணக்குத்தான், இன்றைய கணக்கில் செப்டம்பர் 1. ஊரே ஆகஸ்ட் 22 அன்று கொண்டாடும்போது அதை நகர்த்த வேண்டியதில்லை. இரண்டு சம்பவங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடும் வரியில் மட்டும் இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

நள்ளிரவைக் கவனிக்காதது

பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 இரவு கழிந்து, 12-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணி சுமாருக்கு. இறப்புப் பதிவில் 12 என்றே இருக்கிறது. விடியும் வரை முந்தின நாள் என்று எண்ணுவது நம் வழக்கம், அதனால் 11 நிலைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2021-இல் மகாகவி நாளாக அறிவித்ததும் செப்டம்பர் 11-தான். 'மகாகவி நாள்' என்று 11-இல் போடுங்கள். 'மறைந்தார்' என்றால் 12.

யாருடைய ஊர் நேரம்?

நிலவில் மனிதன் கால்வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. இந்தியாவில் அப்போது ஜூலை 21 காலை 8.26.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஹவாயில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது 1941 டிசம்பர் 7, ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. தேதியை மட்டும் பார்த்தால் பேர்ல் ஹார்பர் முதலில், மலாயா மறுநாள். உண்மையில் கோத்தா பாருதான் சுமார் ஒரு மணி நேரம் முந்தியது. நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது. மலாயாத் தமிழர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட போர் எங்கே தொடங்கியது என்பதையே இந்தக் கவனக்குறைவு மாற்றிவிடுகிறது.

ஞானஸ்நானத் தேதி

பீத்தோவன், 1770 டிசம்பர் 17: பிறந்தநாள் அல்ல, ஞானஸ்நானம்.

நட்சத்திரப் பிறந்தநாள்

ராஜராஜ சோழனின் ஐப்பசி சதயம் ஆண்டுதோறும் வேறு தேதியில் வரும். பஞ்சாங்கம் பாருங்கள்.

திட்டமிட்டதைத் தற்செயல் என்பது

'ஆச்சரியமான ஒற்றுமை!' என்று ஜனவரி 26-க்கு ஒருவர் எழுதியிருந்தார்: 1930-இல் பூரண சுயராஜ்ய நாள், 1950-இல் குடியரசு. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டது. அந்த 1930-இன் நினைவாகத்தான் இரண்டு மாதம் காத்திருந்து ஜனவரி 26 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிக் காத்திருந்ததுதான் செய்தி, 'ஒற்றுமை' என்று எழுதினால் அந்தச் செய்தி காணாமல் போய்விடும். 1788-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் சிட்னியில் நங்கூரமிட்டதும் 2001-இல் குஜராத் நிலநடுக்கம் வந்ததும் அதே ஜனவரி 26. அவைதான் தற்செயல்.

ஆகஸ்ட் 15-உம் அப்படியே. 1945-இல் ஜப்பான் சரணடைந்த நாள் என்பதால் இந்தியச் சுதந்திரத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததாக மவுண்ட்பேட்டன் பின்னாளில் சொன்னார். 1947-இன் அந்த நாளில் அரவிந்தருக்கு 75-ஆவது பிறந்தநாள். அது யாரும் திட்டமிட்டதில்லை. ஆனால் திருச்சி வானொலிக்குக் கொடுத்த சுதந்திர நாள் செய்தியில், அதைத் தற்செயலாகத் தான் கருதவில்லை என்று அரவிந்தர் சொன்னார். மூன்றையும் ஒரே பட்டியலில் போடலாம், ஒவ்வொன்றும் எந்த வகை என்று அரை வரி சேர்த்தால் போதும்.

எதுவும் கிடைக்காத தேதி

உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான் என்றால் ஒன்றையே போடுங்கள். அதை நாலு வரிக்கு விரித்து எழுதலாம், பலகையில் இடம் இருக்கிறது.