தலையணையின் உள்ளடக்கம்: இயற்கையா, செயற்கையா என்று ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையணை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் போகிறார்கள்: உள்ளே இருப்பது இயற்கையானதா, செயற்கையானதா? கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த ஒப்பீட்டில் நேரும் பிழைகளில் பாதி அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. இலவம்பஞ்சு, பருத்தி, ஆட்டு ரோமம், வாத்தின் தூவி (இறகுக்கு அடியில் வளரும் மென்பஞ்சு), ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் ஆகிய அனைத்தும் 'இயற்கை' என்ற ஒரே கூடையில் போடப்படுகின்றன. அழுத்தத்தைத் தாங்குவதிலும் ஈரத்தை ஏற்பதிலும் இவற்றுக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டுறவே கிடையாது. மறுபக்கம் பார்த்தால், பாலியெஸ்டர் இழைக்கும் மெமரி ஃபோம் என்ற பாலியூரித்தேன் நுரைக்கும் உள்ள பொதுத்தன்மை, இரண்டும் பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து வருபவை என்பதோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. தூவியைப் போல மெத்தென்று அமுங்குவதற்காகவே மெல்லிய பாலியெஸ்டர் இழை செய்யப்படுகிறது. இயற்கை லேடெக்ஸோ, கைக்கு ஃபோமைப் போலத்தான் படுகிறது. ஒரு பொருளின் பிறப்பை மட்டும் விசாரித்துவிட்டு அதன் குணத்தை விசாரிக்காமல் விடுவதே முதல் தவறு.

இரண்டாவது தவறு, உறையின் பெயரை உள்ளடக்கத்தின் பெயராக எடுத்துக்கொள்வது. 'மூங்கில் தலையணை' என்று விற்கப்படுவதை ஒருமுறை ஜிப்பைத் திறந்து பாருங்கள். பல தலையணைகளில் மேலுறை மட்டும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் துணியாக இருக்கும்; உள்ளே கையை விட்டால் வெட்டித் துண்டாக்கிய மெமரி ஃபோம், சில சமயம் இரண்டு மூன்று நிறங்களில், சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக வரும். அந்த விஸ்கோஸே வேதி முறையில் கரைத்து மீண்டும் இழையாக்கப்பட்ட செல்லுலோஸ் என்பதால், அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதிலேயே தடுமாற்றம் உண்டு. 'பருத்தித் தலையணை' என்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது: பருத்தி என்ற சொல் உறையைக் குறிக்கிறதா, நிரப்பிய பஞ்சைக் குறிக்கிறதா என்று சிட்டையில் தனியாகத் தேட வேண்டும். 'மைக்ரோஃபைபர்' என்பது புதுப் பொருள் ஏதுமன்று. தலையணையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மிக மெல்லிய பாலியெஸ்டர் இழைதான். 'லேடெக்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது ரப்பர் மரத்துப் பாலாகவும் இருக்கலாம், தொழிற்சாலையில் உருவான செயற்கை ரப்பராகவும் இருக்கலாம், இரண்டின் கலவையாகவும் இருக்கலாம்.

இறகையும் தூவியையும் ஒன்றாகக் கருதுவது இதே வகையைச் சேர்ந்தது. இறகுக்கு நடுவே தண்டு உண்டு. தூவிக்குத் தண்டு கிடையாது, ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் விரியும் பஞ்சுத் திரள் அது. வாத்து, அன்னம் போன்ற நீர்ப்பறவைகளின் இறகுக்கு அடியில் வளர்வதைக் குறிக்கத் தமிழில் 'தூவி' என்ற அழகான சொல் இருக்கும்போது, இரண்டையும் 'இறகு' என்றே எழுதிக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. தூவியின் தரத்தை அதன் உப்பும் திறனால் அளப்பார்கள்: 600 என்றால், ஓர் அவுன்ஸ் தூவி 600 கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்று பொருள். இந்த எண் கூடக்கூடத் தலையணை மேலானது என்று எண்ணுவது, போர்வைக்குரிய அளவுகோலைத் தலையணைக்குப் பொருத்துவதாகும். போர்வையைத் தலை அழுத்துவதில்லை. சுத்தத் தூவி நிரம்பிய தலையணை தலை பட்டதும் தட்டையாக அமிழ்ந்துவிடக்கூடும். அதனால்தான் தாங்குவதற்காகத் தண்டுள்ள இறகை அதில் கலக்கிறார்கள். கழுத்துக்குத் தாங்கல் தேடுபவருக்குக் கலப்படம் என்று தோன்றுவது உண்மையில் அவருக்கு வேண்டியதாகவே இருக்கலாம்.

கடையில் உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துத் தீர்மானிப்பது அடுத்த தவறு. வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடை கொண்டது. அது மணிக்கணக்காக ஒரே இடத்தில் கிடக்கிறது. கை அழுத்துவதோ இரண்டு நொடி. மெமரி ஃபோமில் இந்தச் சோதனை முழுக்கவே ஏமாற்றும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக 1966இல் விமான இருக்கைகளை மனத்தில் கொண்டு பொறியாளர் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய இந்தப் பாலியூரித்தேன் நுரை, வெப்பத்தில் இளகி, குளிரில் இறுகும் இயல்புடையது. குளிரூட்டப்பட்ட கடையில் கட்டையாகத் தோன்றியது வெப்பமான அறையில் மெழுகாகக் குழையும். லேடெக்ஸுக்கு இந்தக் குணம் இவ்வளவு இல்லை. அழுத்தியவுடன் திருப்பித் தள்ளும். ஆகவே, வழக்கமாகப் படுக்கும் நிலையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் படுத்துப் பார்க்காமல் இவை இரண்டையும் ஒப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலத்தை நிரப்பும் உயரம் தேவை, குப்புறப் படுப்பவருக்கு அந்த உயரமே கழுத்து வலி என்பதையும் பொருளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

வீட்டில் உறை தைத்துத் தாமே பஞ்சு நிரப்புகிறவர்கள் எடையை வைத்து ஒப்பிட்டுச் சிக்கிக்கொள்கிறார்கள். பருத்தித் தலையணையில் ஒரு கிலோ பஞ்சு இருந்தது, எனவே இலவம்பஞ்சும் ஒரு கிலோ போதும் என்று கணக்கிட்டால் உறை கொள்ளாது. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் நடுவே வெறும் குழல்; அதன் பருமனில் ஏறத்தாழ 80 விழுக்காடு காற்றுதான். மேலே இயற்கையாகவே படிந்த மெழுகுப் பூச்சும் இருப்பதால் அது எளிதில் நனையாமல் மிதக்கும். ஒரு காலத்தில் கடற்பயணிகளின் உயிர்காப்பு அங்கிகளில் அதைத்தான் அடைத்தார்கள். அதே எடையை வலிந்து திணித்தால் மெத்தென்று இருக்க வேண்டிய பஞ்சு மரக்கட்டையாகிவிடும். எடையை மறந்து, உறையின் கொள்ளளவையும் அழுத்தினால் எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். முதலில் சற்று மேடாகத் தெரிந்தாலும், இலவம்பஞ்சு சில வாரங்களில் படிந்துவிடும் என்பதற்கு இடம் விடுவது நல்லது.

இனி ஈரம். 'இயற்கைப் பொருள் வியர்வையை உறிஞ்சும், எனவே குளுமையாக இருக்கும்' என்ற வாதத்தில் முதற்பாதி பல பொருள்களுக்கு உண்மை. காற்றில் 65 விழுக்காடு ஈரப்பதமும் 20 டிகிரி வெப்பமும் இருக்கும் நிலையில், பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடும், ஆட்டு ரோமம் சுமார் 16 விழுக்காடும் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டையும் எட்டாது. ஆனால் உறிஞ்சுவது வேறு, உலர்வது வேறு. பருத்தி தான் குடித்த நீரை எளிதில் விடாது. காற்றோட்டமில்லாத, ஈரப்பதம் மிகுந்த அறையில் அதுவே பூஞ்சைக்கு விருந்தாகும். பாலியெஸ்டர் வியர்வையை ஏற்காமல் தோலருகே விட்டுவிடுகிறது என்பது குறைதான், ஆனால் துவைத்தால் விரைவில் உலர்கிறது என்பது அதே குணத்தின் மறுபக்கம். எனவே எவ்வளவு உறிஞ்சும் என்று கேட்கும் அதே மூச்சில், படுக்கும் அறையில் அது உலருமா என்றும் கேட்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் இறகை அறவே ஒதுக்கிவிட்டுப் பாலியெஸ்டருக்குத் தாவுவது வெகுகாலமாக நிலவும் பழக்கம். இதில் ஒரு முரண் இருக்கிறது. 1990களில் வெளியான சில ஆய்வுகளில், பாலியெஸ்டர் தலையணைகளில்தான் தூசிப்பூச்சியின் ஒவ்வாமைப் புரதம் இறகுத் தலையணைகளைவிட அதிகம் காணப்பட்டது. காரணம் இறகின் மகிமை என்று கொள்ள வேண்டாம். இறகும் தூவியும் வெளியே பிதுங்காமலிருக்க அவற்றின் உறையை மிக நெருக்கமாக நெய்வார்கள், அந்த நெருக்கமே பூச்சியையும் தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. உள்ளே பருத்தியா பாலியெஸ்டரா என்று அது பார்ப்பதில்லை. நெருக்கமாக நெய்த காப்புறையும், அந்த உறையை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், உள்ளடக்கத்தை மாற்றுவதைவிடப் பயன் தரும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸைத் தவிர்ப்பதும், தூசியால் இருமல் வருபவர்கள் நாட்பட்ட இலவம்பஞ்சைத் தவிர்ப்பதும் தனிக் கதை.

எல்லாவற்றையும்விட அதிகத் தலையணைகளைக் கொல்வது துவைப்பதுதான். என் கையாலேயே ஒன்றைக் கொன்றிருக்கிறேன். பாலியெஸ்டர் தலையணைகளை எந்திரத்தில் போட்டுப் பழகிய கை, மெமரி ஃபோம் தலையணையையும் அப்படியே போட்டது. வெளியே எடுக்கும்போது தண்ணீரைக் குடித்துக் கல்லாய்க் கனத்தது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன், தன் எடையாலேயே நடுவில் ரொட்டித் துண்டு போலப் பிய்ந்து வந்தது. ஃபோமையும் லேடெக்ஸையும் எந்திரத்தில் போடக்கூடாது. உறையை மட்டும் கழற்றித் துவைத்து, கறை பட்ட இடத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஆட்டு ரோமத்தை வெந்நீரில் போட்டு அலசினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு கம்பளித் தகடாக இறுகிவிடும். இலவம்பஞ்சும் பருத்தியும் நனைந்தால் கட்டிதட்டும். அவற்றை உதறி, பிரித்து, வெயிலில் காயவைப்பதே முறை. தூவியைத் துவைக்கலாம், ஆனால் மிதமான சூட்டில், டென்னிஸ் பந்து இரண்டைச் சேர்த்துப் போட்டு, திரள் உடையும்வரை பொறுமையாக உலர்த்த வேண்டும்.

தலையணையின் மேல்பக்கம் உலர்ந்து உள்ளே ஈரம் நிற்பதைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஓர் எளிய வழியுண்டு. துவைப்பதற்கு முன் தலையணையைச் சமையலறைத் தராசில் நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்ததாகத் தோன்றியபின் மறுபடி நிறுத்துப் பாருங்கள். நூறு கிராம் கூடுதலாகக் காட்டினால் அந்த நூறு கிராமும் ஏறத்தாழ தண்ணீர்தான்.

வெயில் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். பஞ்சுக்கு மருந்தாகும் வெயில் லேடெக்ஸுக்கு நஞ்சு: புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து அதை முதலில் மஞ்சளாக்கி, பிறகு விரலால் நிமிண்டினாலே பொடியாக உதிரச் செய்யும். ஃபோமும் வெளிச்சத்தில் மஞ்சளித்துப் போகும். இரண்டையும் நிழலில், காற்றாட வைத்தால் போதும். புதிதாக வாங்கியபோது வரும் வாடையும் அப்படி வைத்தாலே சில நாள்களில் அடங்கிவிடும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வரி: 'இயற்கையானது, மென்மையானது' என்று நம்பிப் பிறந்த குழந்தையின் தூக்கத்துக்கு எந்தத் தலையணையும் வைக்கக் கூடாது. முதல் ஓராண்டில் மென்மையான பொருள் எதுவாயினும் மூச்சடைக்கும் அபாயம் உண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பது அங்கே பொருட்டே இல்லை.

கடைசியாக, முதல் நாள் தோற்றத்தை வைத்து ஒப்பிடுவது. புதிய பாலியெஸ்டர் தலையணையைப் போலக் கவர்ச்சியாக உப்பியிருக்கும் தலையணை வேறு இல்லை. சிலிகான் பூசிய குழல் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் துள்ளுகின்றன. ஆனால் இழைகள் சுருண்டு முடிச்சிடத் தொடங்கியபின் அதை மீட்க வழியில்லை. பருத்திப் பஞ்சு அதைவிடச் சீக்கிரமே கட்டியாகலாம், ஆனால் பிரித்து அடித்தால் மறுபடி எழும்பும். இலவம்பஞ்சு ஆண்டுகள் செல்லச்செல்ல ஒடிந்து தூளாகும். பழைய தலையணையின் தையலைப் பிரித்தால் கத்தரிக்கோலிலும் விரலிலும் மாவு போல ஒட்டுவது அந்தத் தூள்தான். லேடெக்ஸ் நன்றாகப் பேணினால் இவற்றைவிட நீண்டகாலம் வடிவம் காக்கும். வீட்டிலிருக்கும் பாலியெஸ்டர் அல்லது தூவித் தலையணையை இரண்டாக மடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள்: தானே விரிந்தால் இன்னும் உயிருடன் இருக்கிறது, மடித்தபடியே கிடந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பஞ்சு, ஃபோம், லேடெக்ஸ் தலையணைகளுக்கு இந்த மடிப்புச் சோதனை பொருந்தாது. அவற்றில் கட்டி, குழி, உதிர்வு ஆகியவற்றைத் தடவித்தான் பார்க்க வேண்டும்.