வீட்டு ஏசிக்கு மாற்று எக்ஸ்பான்ஷன் வால்வு வாங்கும் முன்

“வால்வு போயிடுச்சு சார், மாத்தணும்” என்று மெக்கானிக் சொன்னதும் என்ன விலை என்று கேட்காதீர்கள். எந்த வால்வு என்று கேளுங்கள். நம் வீடுகளில் ஓடும் ஸ்பிலிட் ஏசிகள் பலவற்றில் கழற்றி மாட்டும்படியான வால்வே கிடையாது.

பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு ஸ்பிலிட் என்றால் உள்ளே இருப்பது கேபிலரி. சுருட்டி வைத்த மெல்லிய செம்புக் குழாய், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் என்றால் பெரும்பாலும் அவுட்டோருக்குள் மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு இருக்கும், இஇவி என்பார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிந்திருக்கும் 3 டன், 5 டன் டக்டபிள் யூனிட்டில்தான் பல்பு வைத்த தெர்மோஸ்டாட்டிக் வால்வு, அதாவது டிஎக்ஸ்வி, வருகிறது. தேர்ந்தெடுப்பதில் தப்பு நடப்பதும் இதில்தான் அதிகம். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றி.

மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். அவுட்டோரில் இருக்கும் கண்டென்சரிலிருந்து அதிக அழுத்தத்தில் வரும் திரவ கேஸை ஒரு சின்ன வழியில் நெருக்கி விட்டு அழுத்தத்தை இறக்குவது. ஆர்-22 ஓடும் மெஷினில் 260 பிஎஸ்ஐ பக்கம் வரும் கேஸ், இண்டோர் காயிலுக்குள் போகும்போது 70 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும். அந்த அழுத்தத்தில் அது 5 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான சூட்டை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கேபிலரிக்கு எப்போதும் ஒரே அளவுதான். டிஎக்ஸ்வி அப்படியில்லை, காயிலைவிட்டு வெளியே வரும் குழாயின் சூட்டைப் பல்பு மூலம் பார்த்துப் பார்த்துத் தன் துளையைக் கூட்டும், குறைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கேஸ் லைனைத் திறக்கும் வேலை பழகிய மெக்கானிக்கின் வேலை. ஆர்-32 மெதுவாகவாவது தீப்பிடிக்கும். ஆர்-290 என்பது புரொப்பேன்தான். நீங்கள் கற்றுக்கொள்ளும் மாணவர் என்றால் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருக்கட்டும். வீட்டுக்காரர் என்றால் சரியான வால்வுதான் வந்திருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

படி 1: வால்வுதான் குற்றவாளியா?

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால், காயிலில் தூசி படிந்திருந்தால், புளோயர் மெதுவாகச் சுற்றினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகுதான் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும்.

சக்ஷன் (இண்டோர் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கம்) அழுத்தம் குறைவு, சக்ஷன் குழாயில் குளிர்ச்சி இல்லை. இதைப் பார்த்ததும் “கேஸ் கம்மி” என்று சிலிண்டரைத் திறப்பவர்கள் உண்டு, “வால்வு அடைப்பு” என்று பிளேடை எடுப்பவர்களும் உண்டு. இரண்டிலும் அறிகுறி ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிவது லிக்விட் லைனில், அதாவது கண்டென்சரிலிருந்து வால்வுக்கு வரும் குழாயில். ஹை சைடு கேஜ் அழுத்தத்துக்குரிய வெப்பநிலையை அந்த கேஸின் அழுத்தம்-வெப்பநிலை சார்ட்டில் பாருங்கள். லிக்விட் குழாயில் தெர்மாமீட்டர் வைத்து அதையும் பாருங்கள். குழாய் சார்ட் வெப்பநிலையைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் கீழே என்றால் கேஸ் குறைந்திருக்கிறது. 8, 10 டிகிரிக்கு மேல் கீழே இருந்தால் கேஸ் கண்டென்சரில் தேங்கி நிற்கிறது. வழியில் ஏதோ அடைக்கிறது. அது ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையராகவும் இருக்கலாம். டிரையருக்கு முன்னும் பின்னும் தொட்டுப் பாருங்கள். பின்பக்கம் சில்லென்று இருந்தால் வால்வைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசிச் சோதனை சுலபமானது. பல்பைக் கிளாம்பிலிருந்து கழற்றி உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். கை சூட்டில் வால்வு திறந்து, சக்ஷன் அழுத்தம் ஏற வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் இறங்க வேண்டும். இரண்டுக்கும் கேஜ் முள் அசையவில்லை என்றால், பெரும்பாலும் பவர் ஹெட்டுக்குள் (வால்வின் தலையில் பல்போடு இணைந்த பகுதி) இருந்த கேஸ் கசிந்து போய்விட்டது, அல்லது வால்வுக்குள் இருக்கும் ஊசி இறுகிவிட்டது. அதற்கும் முன் வால்வின் நுழைவாயிலில் உள்ள வலையைக் கழற்றிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். பிரேசிங் (குழாயைச் சூட்டில் பற்றவைப்பது) கரி சேர்ந்து கறுத்துப்போன வலையைக் கழுவி மாட்டியே சரியான மெஷின்கள் உண்டு.

படி 2: கழற்றும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

பவர் ஹெட்டின் மேல் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் போனில் படம் எடுங்கள். அவுட்டோர் நேம் பிளேட்டையும் எடுங்கள். வால்வில் எத்தனை குழாய் சேர்கிறது, எது எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு படம். பல்பிலிருந்து வரும் மெல்லிய குழாயின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். அதே பார்ட் நம்பர் கிடைத்தால் வேலை முடிந்தது, படி 4-க்குப் போய்விடலாம். பத்து வருட மெஷின் என்றால் கிடைக்காது. அப்போதுதான் அடுத்த படி.

படி 3: மாற்று வால்வைத் தேர்வு செய்வது

முதலில் கேஸ். பவர் ஹெட்டுக்குள் இருக்கும் சார்ஜ் ஒரு குறிப்பிட்ட கேஸின் அழுத்தக் கணக்குக்கு ஏற்பச் செய்யப்பட்டது. 5 டிகிரியில் ஆர்-22 சுமார் 70 பிஎஸ்ஐ, ஆர்-410ஏ சுமார் 120. ஒன்றுக்கு உரியதை மற்றதில் மாட்டினால் சூடும் அழுத்தமும் ஒத்துப்போகவே போகாது. ஸ்போர்லான் கம்பெனி வால்வில் வி என்ற எழுத்து ஆர்-22, இஸட் என்றால் ஆர்-410ஏ, என் என்றால் ஆர்-407சி. டேன்ஃபாஸ் கம்பெனியில் டி2, டிஇ2 குடும்பம் ஆர்-22, ஆர்-407சி போன்றவற்றுக்கு. ஆர்-410ஏ-வுக்கு டிஆர்6 என்று தனி.

அடுத்தது ஈக்வலைசர், அதாவது வால்வு காயில் அழுத்தத்தை அறியும் வழி. இங்கே நான் சூடு பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு மாடி ஹாலுக்கு, 3 டன் ஆர்-22 டக்டபிள். கடையில் போய் “3 டன் வால்வு குடுங்க” என்று கேட்டேன், கொடுத்தார்கள், மாட்டினேன். காயிலில் கீழ்ப்பாதி வேர்த்தது, மேல்பாதி எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. சூப்பர்ஹீட், அதாவது கேஸின் கொதிநிலையைவிடச் சக்ஷன் குழாய் எவ்வளவு அதிகச் சூடு என்ற கணக்கு, 14 டிகிரி. கேஸ் ஏற்றிப் பார்த்தேன், ஹெட் பிரஷர் (கண்டென்சர் பக்க அழுத்தம்) ஏறியதே தவிர காயில் மாறவில்லை. பழைய வால்வை எடுத்துப் பார்த்தபோதுதான் பக்கவாட்டில் கால் இன்ச் நிப்பிள் ஒன்று தெரிந்தது. அதில் இணைந்திருந்த மெல்லிய குழாயை நான்தான் அடைத்துவிட்டிருந்தேன்.

என்ன நடந்தது? வால்வைத் திறக்கத் தள்ளுவது பல்பின் அழுத்தம். மூடத் தள்ளுவது ஸ்பிரிங்கும் காயில் அழுத்தமும். உள் ஈக்வலைசர் வால்வு, காயில் அழுத்தத்தைத் தன் வாசலிலேயே பார்க்கும். ஆனால் வாசலுக்கும் காயிலுக்கும் நடுவே கேஸைப் பல வழிகளாகப் பிரிக்கும் பித்தளை டிஸ்ட்ரிபியூட்டரும் நாலைந்து சிறு குழாய்களும் இருக்கின்றன. ஆர்-22-வில் அங்கேயே 30 பிஎஸ்ஐ வரை விழும். காயில் முடிவில் 68 பிஎஸ்ஐ என்றால் வால்வு வாசலில் 98. 98 பிஎஸ்ஐக்குரிய வெப்பநிலை 14 டிகிரிக்கு மேல். ஆக, பல்பு அதையும் தாண்டி ஸ்பிரிங்குக்கு இன்னும் நாலைந்து டிகிரி சூடானால்தான் வால்வு வாய் திறக்கும். குழாய் முடிவில் உண்மையான கொதிநிலையோ நாலரை டிகிரிதான். அதனால் காயில் பட்டினி. வெளி ஈக்வலைசர் வால்வு, அழுத்தத்தைச் சக்ஷன் குழாயிலிருந்தே எடுத்துக்கொள்வதால் இந்தக் குழப்பம் இல்லை.

ஆகவே, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் வெளி ஈக்வலைசர்தான். டேன்ஃபாஸில் டிஇ2-வில் வரும் இ அதற்குத்தான். டி2 என்றால் உள். அந்த நிப்பிளுக்கு மூடி போட்டு அடைத்துவிட்டால் வெளி ஈக்வலைசர் வால்வும் ஒழுங்காக வேலை செய்யாது.

மூன்றாவது டன். 1 டன் என்பது மணிக்கு 12,000 பிடியு, அதாவது 3.5 கிலோவாட். நேம் பிளேட்டில் பார்த்து வாங்கலாம், ஆனால் வால்வின் மேல் இருக்கும் டன் ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கானது. ஆர்-22 என்றால் வால்வுக்கு இரு பக்கமும் 100 பிஎஸ்ஐ வித்தியாசம், ஆர்-410ஏ என்றால் 160, திரவம் 38 டிகிரி. நம் மே மாத மொட்டைமாடியில் நிலைமையே வேறு. மேலே சொன்ன 260, 70 கணக்கையே எடுங்கள். வித்தியாசம் 190, டிஸ்ட்ரிபியூட்டரிலும் குழாயிலும் 35 போனால் 155. கேஸ் ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். 155/100-இன் வர்க்கமூலம் 1.24. திரவம் இன்னும் சூடாக வருவதால் அதில் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் 3 டன் வால்வு வெயிலில் மூன்றரை டன் வரை ஓட்டிவிடும். அதனால் “சேஃப்டிக்கு 4 டன் போடுங்க” என்ற பேச்சைக் கேட்காதீர்கள். பெரிய வால்வு தேவைக்கு மேல் திறக்கும், பதறி மூடும், மறுபடி திறக்கும். கேஜ் முள் ஊஞ்சல் ஆடும். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நான் சின்னதையே எடுப்பேன், வித்தியாசம் கால் டன்னுக்குள் இருக்கும்வரை. டி2, டிஇ2 வாங்கினால் ஆரிஃபிஸ் (துளை இருக்கும் உள்பாகம்) தனி. 00, 01, 02 என்று எண் போட்டு வரும். பாடியை மட்டும் வாங்கி வந்துவிட்டு நிற்காதீர்கள்.

அப்புறம் பிளீட் போர்ட். சிங்கிள் பேஸ் கம்ப்ரஸர் நின்றதும் இரண்டு பக்க அழுத்தமும் சமமானால்தான் மறுபடி எளிதில் ஸ்டார்ட் ஆகும். சில வால்வுகளில் இதற்காகவே ஊசி வாயில் ஒரு கீறல் இருக்கும். பழையதில் இருந்தால் புதியதிலும் கேளுங்கள். இல்லாததை மாட்டினால், கம்ப்ரஸரை ஸ்டார்ட் செய்ய உதவும் ஹார்ட் ஸ்டார்ட் கிட் செலவும் சேரும்.

இணைப்பு ஃபிளேரா, பிரேசிங்கா, 3/8-ஆ 1/2-ஆ என்பது பழையதைப் பார்த்தாலே தெரியும்.

இன்வெர்ட்டரும் கேபிலரியும்

இஇவியில் பாடியை வெட்டும் முன் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் மின் காயிலைப் பாருங்கள். மெயினை ஆன் செய்ததும் வால்வு தன்னைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். கிரிக் கிரிக் என்று சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் மெயினை அணைத்து, கனெக்டரைப் பிடுங்கி, மீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். 12 வோல்ட் காயில்கள் பலவற்றில் ஒரு பேஸுக்கு 46 ஓம்ஸ் பக்கம் வரும். ஒன்று மட்டும் ஓப்பன் என்றால் காயில்தான் போயிருக்கிறது, கேஸைத் தொடவே வேண்டாம். பாடி மாற்றுவதென்றால் மாடல் நம்பர் கொடுத்து அதே பார்ட் வாங்குங்கள். எத்தனை பல்ஸுக்கு எவ்வளவு திறக்கும் என்பது போர்டுக்குள் எழுதப்பட்டிருக்கிறது; துளை மாறினால் போர்டுக்குத் தெரியாது.

கேபிலரிக்கு நீளம், உள்துளை இரண்டும் அதேதான் வேண்டும். கடையில் 036, 050, 064 என்று கேட்பார்கள். இன்ச்சில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. நீளம் கொஞ்சம் மாறினால் தாங்கும், துளை மாறினால் தாங்காது.

படி 4: மாட்டும்போது

வால்வு பாடியை ஈரத் துணியால் சுற்றி, லைனில் நைட்ரஜன் விட்டுக்கொண்டே பிரேஸ் செய்ய வேண்டும். ஃபில்டர் டிரையர் புதிது. லைனில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் 500 மைக்ரானுக்குக் கீழே. இவற்றில் பேரம் வேண்டாம்.

பல்பு விஷயத்தில் மட்டும் நின்று நிதானமாகச் செய்யுங்கள். சக்ஷன் குழாயின் கிடையான பகுதியில், ஈக்வலைசர் குழாய் சேரும் இடத்துக்கு முன்னால், காயில் பக்கமாக வர வேண்டும். குழாயை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். 7/8 இன்ச்சோ அதற்கு மேலோ உள்ள குழாய் என்றால் அதைக் கடிகார முகமாக நினைத்து, 4 மணி அல்லது 8 மணி இடத்தில் வையுங்கள். அடியில் வேண்டாம், அங்கே எண்ணெய் ஓடும், பல்புக்குச் சரியான சூடு தெரியாது. பிளாஸ்டிக் டை போடாதீர்கள். வால்வோடு வரும் செம்பு அல்லது பித்தளைப் பட்டையால் இறுக்குங்கள். பல்பை விரலால் தள்ளினால் அசையக் கூடாது. மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள்.

மெஷினை இருபது நிமிடம் ஓடவிட்டு, பல்பு பக்கத்தில் குழாயின் சூட்டையும் சக்ஷன் அழுத்தத்தையும் எடுங்கள். 68 பிஎஸ்ஐ, குழாய் 11 டிகிரி என்றால் சூப்பர்ஹீட் ஆறரை. 5-க்கும் 8-க்கும் நடுவே இருந்தால் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுவிடுங்கள். வெளியே இருந்தால் முதலில் பல்பை மறுபடி பாருங்கள். அப்புறமும் மாறவில்லை என்றால்தான் ஸ்டெம், அதாவது வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகு. அதுவும் கால் சுற்று திருப்பி, பதினைந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி கால் சுற்று. எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று யூனிட் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள், புது வால்வின் பார்ட் நம்பரையும் சேர்த்து.