'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க ஆரம்பித்த புதிதில், 'ஷி காட் ஹிம் டு சைன்' (She got him to sign; 'காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்) என்ற வரியை 'அவள் அவனைப் பெற்றுக் கையெழுத்திட்டாள்' என்று எழுதினேன். தாயாகவே ஆக்கிவிட்டேன்! கையெழுத்துப் போட வைத்தாள், அவ்வளவுதான்.

இப்போது அகராதிக்கு முன்னால் 'கெட்'டுக்கு அடுத்த சொல்லைப் பார்க்கிறேன். ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைத்தது, வாங்கினான். 'கோல்டு' (cold), 'ஓல்டு' (old) மாதிரி பண்புச்சொல் வந்தால் ஆறிப்போனது, வயதானது. 'டு' போட்டு இடம் வந்தால் போய்ச் சேர்ந்தான். ஆளும் 'டு'வோடு வினையும் வந்தால் 'வைத்தான்'. 'காட் காட்' (got caught) என்றால் பிடிபட்டான். நம் 'படு' அங்கே கச்சிதம்.

வேரைத் தெரிந்துகொண்டால் இன்னும் சுலபம். ஸ்காண்டிநேவியாவில் அந்தக் காலத்தில் பேசப்பட்ட பழைய நோர்ஸ் மொழியின் 'கெட்டா'விலிருந்து வந்த சொல் இது. அதற்கு அடைதல், பிள்ளை பெறுதல் இரண்டும் பொருள், நம் 'பெறு' போலவே. (என் தப்புக்கும் ஒரு வம்சாவளி உண்டு, பாருங்கள்.) 'ஃபர்கெட்' இதன் உறவுக்காரன்: பிடி நழுவியது, அதாவது மறந்தது. அப்புறம், 'ஐ காட் இட்' என்றால்? பிடிபட்டது, அதாவது புரிந்தது. சில சமயம், கையில் கிடைத்தது. அதை முந்தைய வரிதான் சொல்லும்.