எளிய தரத்துப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்து வாங்கும் முறை

மன்னார்குடிப் பக்கத்து மிராசு வீடுகளில் தலைமுறை உரிமத்தோடு இருந்துவந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் நான் கையில் எடுத்துப் பார்த்தவை பெரும்பாலும் சித்திர வேலையோ பேர்பெற்ற முத்திரையோ இல்லாத சாதாரண 12 போர் (குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கிகள்தாம். தண்ணீர் நிற்கும் நெல்வயலில் உள்ளான் பறவையைச் சுடுவதற்கென்று வாங்கப்பட்ட அவை, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் படிப்படியாக அந்த வேலையை இழந்து அலமாரிக்குள் போய்விட்டன. அவற்றில் நல்லதைத் தெரிந்தெடுக்க விரும்புபவருக்காக இதை எழுதுகிறேன்.

சுவர் நிறைய மாட்டி வைக்கும் சேகரிப்பு நம் ஊரில் நடவாது. ஆயுதச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தத்தின்படி உரிமம் பெற்ற ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரைதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. வாரிசு வழியில் வந்தாலும் இந்த வரம்பு மாறாது. ஆகவே பத்தைப் பார்த்து ஒன்பதைத் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

எளிய தரம் என்பதை மட்டமான வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனத்தில் இருந்த ஆன்சனும் டீலியும் 1875-இல் உரிமைப்பதிவு செய்த பெட்டி வடிவ இயக்கமே (சுடும் பொறி ஒரு பெட்டிக்குள் அடங்கிய அமைப்பு) விலை குறைந்த துப்பாக்கிகளிலும் இருக்கிறது. குறைவது செதுக்கல், வால்நட் கட்டையின் அழகு, சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் எஜெக்டர் ஆகியவைதாம். பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்து, விற்கும் கடையின் பெயரைப் பொறித்து அனுப்பிய துப்பாக்கிகள் ஏராளம் என்பதால், குழல்களுக்கு இடையே ஓடும் பட்டையில் கல்கத்தாக் கடை ஒன்றின் பெயர் இருந்தால் அது செய்தவர் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். பெல்ஜியத்திலிருந்து வந்தவற்றில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்து, பெரிய பெயரை நினைவூட்டி விற்றதும் உண்டு. பெயருக்குக் கொடுக்கும் பணத்தைக் குழலுக்குக் கொடுங்கள் என்பதே என் கருத்து.

கையில் வாங்கியதும் முதலில் திறந்து இரண்டு குழல்களும் காலியா என்று பாருங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றி, குழல்களை மட்டும் பிரித்தெடுத்து, அடியில் உள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வெண்கலப் பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான்: கணீரென்று நீண்டு ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டைகள் இறுக்கமாக இருக்கின்றன, மொத்தென்று அடங்கினால் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது, அதற்குள் ஈரம் புகுந்து துரு வேலை செய்துகொண்டிருக்கும்.

அடுத்து, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். வளையம் வளையமாகத் தெரியும் நிழல் ஓரிடத்தில் கோணினால் அங்கே நசுங்கல் இருக்கிறது. கரும்புள்ளிகள் துருக்குழிகள், அவற்றைத் தேய்த்து எடுத்திருந்தால் உட்புறம் பளபளப்பாக இருக்கும், ஆனால் சுவர் மெலிந்திருக்கும். எனவே பளபளப்பைக் கண்டு மயங்காமல், சுவர்த் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. முனையையும் கவனியுங்கள். குழலை வெட்டிக் குட்டையாக்கியிருந்தால், முனையில் இரு குழல்களும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி தெரியும், சோக்கும் (ரவை சிதறாமலிருக்க முனையில் குழலைச் சற்றுக் குறுக்கிய பகுதி) போயிருக்கும். நான் வாங்கிய முதல் துப்பாக்கி அப்படி வெட்டப்பட்டதுதான். செதுக்கிய பூவேலையில் கண் போய்விட்டது, முனையைப் பார்க்கவில்லை.

மீண்டும் பூட்டி, முன்கட்டை இல்லாமல் குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, குழலின் பின்முனைக்கும் அது வந்து பொருந்தும் முகப்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தாலோ இணைப்பு தேய்ந்திருக்கிறது. மூடிய நிலையில், துப்பாக்கியைத் திறக்கும் மேல்நெம்புகோல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்பது நல்லது, இடப்பக்கம் தாண்டியிருந்தால் அது நிறைய உழைத்த துப்பாக்கி.

குழலின் அடிப்பகுதியில் உள்ள சோதனை முத்திரைகள்தாம் (குழல் அழுத்தம் தாங்குமா என்று சுட்டுச் சோதித்தபின் பொறிப்பவை) அதன் உண்மையான ஜாதகம். நீள்வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்றிருந்தால் பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தது. 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டு சுடக் கூடாது) என்ற ஆங்கில முத்திரை 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது. இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலின் கோலத்தைக் கண்டதும் ஆசை வரும். ஆனால் நைட்ரோ மருந்துக்கு (இன்றைய புகையில்லா வெடிமருந்து) சோதித்த முத்திரை இல்லாவிட்டால், இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளந்தான். சுடாத 70 மி.மீ. தோட்டா அதற்குள் தடையின்றி நுழைந்துவிடும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது: சுடும்போது அதன் முனையில் உள்ள மடிப்பு விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறிவிடும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமத்தில் எழுதியுள்ள துப்பாக்கி எண்ணும் குழலில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தனியார் ஒருவர் விற்பதானால் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். தந்தை 70 வயதை எட்டியிருந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. இறந்த பிறகு அலைவதைவிட இது எளிது.

வாங்கியதைக் கெடுப்பது நம் ஊர் ஐப்பசி கார்த்திகைதான். தோலுறையும் கித்தான் உறையும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் அவற்றுக்குள் வைக்கக் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்வதால் வாரம் ஒருமுறையாவது துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் பின்கட்டைக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்காமலிருக்க, குழல்முனை கீழே இருக்குமாறு நிறுத்துங்கள். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒருமுறை எண்ணெய் பூசாமல் ஒப்படைத்துவிட்டு, திரும்ப வாங்கும்போது இடக்குழல் முழுவதும் சிவந்திருக்கக் கண்டேன். அதிலிருந்து, குழலின் உள்ளும் புறமும் கெட்டியான கிரீஸ் தடவி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதில் அப்போதைய நிலையையும் எழுதி வாங்கிய பிறகே ஒப்படைக்கிறேன்.