மலையகத்திலிருந்து வந்த புது டீச்சரைத் தனியாக விடாமல் இருக்க

கொழும்பில் சிங்களம், தமிழ் என்று இரண்டு மொழிமூலமும் உள்ள பாடசாலைக்கு ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ ஒரு டீச்சர் வந்தால் முதல் வாரம் எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள், அப்புறம் அவர் இன்டர்வலில் எங்கே இருந்து சாப்பிடுகிறார் என்றுகூட யாருக்கும் தெரியாது. இதை மாற்றப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை.

முதலில் போர்டிங், அதாவது வாடகைக்குத் தங்கும் இடம். வெள்ளவத்தை வாடகை புது ஆசிரியர் சம்பளத்துக்குக் கட்டாது. கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் தெரிந்த வீடு இருந்தால் வீட்டுக்காரரிடம் நீங்களே பேசுங்கள், ஏனென்றால் ஊர்ப் பேரைக் கேட்டதும் "இடம் குடுத்தாச்சு" என்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது பேச்சு. சிங்களப் பிரிவு நம்மை ஒதுக்குகிறது என்று குறைப்படும் தமிழ்ப் பிரிவு ஆசிரியர்களான நாமேதான் "நீங்க தோட்டமா?" என்று கேட்கிறோம், அவர் பேசுவதைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறோம், இந்தியாவில் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று விசாரிக்கிறோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கதை அவர் வீட்டிலும் இருக்கும். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருடமானதை 2023இல் நினைவுகூர்ந்த மக்களிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது? யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அப்போது சும்மா இருந்துவிட்டு, பிறகு தனியாக வந்து "மனசுல வச்சுக்காதீங்க" என்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஸ்டாஃப் மீட்டிங் முழுக்கச் சிங்களத்தில் நடந்தால், முடிவுகளைத் தமிழிலும் வாட்ஸ்அப் குழுவில் போடும்படி பகுதித் தலைவர் அதிபரிடம் கேட்கட்டும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி, ஆகவே தயங்க ஒன்றுமில்லை. தனிச் சிங்களத்திலேயே கடிதங்கள் வந்துகொண்டிருந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம், ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகாத டீச்சரை முன்னால் தள்ளிக் கையெழுத்து வாங்காதீர்கள். பல வருடம் சேவையில் இருக்கும் நீங்கள் எழுதுங்கள்.

புதியவர், மறுக்க மாட்டார் என்று தமிழ்த்தினப் போட்டி, பொங்கல் விழா, கோலம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதும் வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒன்றைக் கொடுங்கள், அதற்குப் பதிலாக அவருடைய ரிலீஃப் பீரியட் (வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகும் பாடவேளை) இரண்டைக் குறையுங்கள்.

தீபாவளிக்கு அரச விடுமுறை ஒரு நாள்தான். ஊருக்குப் போய்ச் சாமி கும்பிட்டு அன்றிரவே பஸ் ஏறுவதெல்லாம் பாவம். மறுநாள் லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ரிலீஃப் பட்டியல் போடுபவரிடம் அவருடைய பாடவேளைகளுக்கு உங்கள் பெயரைப் போடச் சொல்லி, அது முடிந்துவிட்டதென்று டீச்சருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.