காண்டூர் மேப்ல இருந்து குறுக்குவெட்டு வரையிறது எப்படி? (ஜியாகரபி புதுசா எடுத்தவங்களுக்கு)

ஸ்கூல்ல கடைசி ரெண்டு வருஷம் ஜியாகரபி எடுத்தவங்க முக்காவாசி பேரு மண் வகை, காத்து, காலநிலைன்னு மனப்பாடம் பண்ணி வச்சுப்பாங்க, ஆனா டோப்போ ஷீட்ட (மேடு பள்ளத்த ஒரே உயரத்துல இருக்கிற இடங்கள சேக்குற காண்டூர் கோடா காட்டுற மேப்) கையில குடுத்தா முழிப்பாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். மனப்பாடமே தேவையில்லாம முழு மார்க் வாங்கக்கூடிய இடம் குறுக்குவெட்டுதான், அதாவது மேப்ல ஒரு கோடு வழியா நிலத்த வெட்டிப் பக்கத்துல இருந்து பாத்தா மேடு பள்ளம் எப்படித் தெரியும்னு வரையிறது, ஒரே ஒரு தடவ ஒழுங்கா உக்காந்து வரைஞ்சா போதும்.

வேணும்ங்கிறது கூரா சீவுன பென்சில், ஸ்கேல், கிராப் ஷீட், அப்புறம் நேரா கிழிச்ச ஒரு பேப்பர் துண்டு. அவ்ளோதான்.

1. மேப்போட ஓரத்த முதல்ல படிங்க

அளவை 1:50,000-ன்னு போட்டிருந்தா மேப்ல 1 செ.மீ. நிஜத்துல 500 மீட்டர். அடுத்து காண்டூர் இடைவெளி, அதாவது ஒரு சம உயரக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எவ்ளோ உயர வித்தியாசம்னு. 20 மீட்டர்னு வச்சுக்குவோம். அப்போ அஞ்சாவது கோடு ஒவ்வொண்ணும் தடிமனா இருக்கும், 200, 300, 400-ன்னு நம்பர் பெரும்பாலும் அதுல மட்டும்தான் இருக்கும், நடுவுல இருக்கிறத நாமளே எண்ணிக்கணும்.

2. ஆறு எங்கன்னு பாருங்க

இத யாரும் ஒரு ஸ்டெப்பா சொல்றதில்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். நான் ஒரு பரீட்சைல 300 கோட்ட கண்டுபிடிச்சு அங்கேருந்து 320, 340-ன்னு ஏத்திக்கிட்டே போயிட்டேன், நிஜத்துல அது 280, 260-ன்னு எறங்குற பக்கம், கடைசில ஆத்த காட்டுற நீலக் கோடு என் படத்துல மலை உச்சில உக்காந்திருந்துச்சு. பேப்பர் திரும்பி வந்தப்போ பக்கத்துல செவப்பு மைல "ஆறு மலை ஏறுதா?"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு.

ஆத்த தாண்டும்போது காண்டூர் கோடு V மாதிரி வளையும், அந்த V-யோட முனை ஆறு வர்ற மேட்டுப் பக்கம் காட்டும். முனை பள்ளத்துப் பக்கம் காட்டுது, நீலக் கோடும் இல்லன்னா அது மலையில இருந்து நீட்டிக்கிட்டு வர்ற ஸ்பர். இந்த ஒண்ணு புரிஞ்சா ஏறுதா எறங்குதாங்கிற குழப்பம் போயிடும்.

3. பேப்பர் துண்டுல குறிங்க

கேட்ட ரெண்டு புள்ளி A, B-ய பென்சிலால லேசா சேருங்க. துண்டோட விளிம்ப அந்தக் கோட்டு மேல வச்சு, காண்டூர் வெட்டுற ஒவ்வொரு இடத்துலயும் சின்னதா ஒரு கோடு, கீழ உயரம். ஆறு, ரோடு வந்தா அதையும் குறிங்க. துண்டு நகந்துச்சுன்னா எல்லாம் போச்சு, அதனால இடது கைய எடுக்கவே கூடாது.

4. கட்டம் போடுங்க

நம்ம உதாரணத்துல A-B 8 செ.மீ., அதாவது 4 கி.மீ., குறைஞ்ச கோடு 180, கூடுன கோடு 460-ன்னு வைங்க. உயரத்துக்கும் 1 செ.மீ.க்கு 500 மீட்டர்னே எடுத்தா 280 மீட்டர் ஏத்தம் அரை செ.மீ.க்கு கொஞ்சம் மேல, தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்கும். அதனால 1 செ.மீ.க்கு 100 மீட்டர்னு எடுத்து, 100-ல ஆரம்பிச்சு 500 வரைக்கும் 4 செ.மீ. உயரத்துக்கு போடுங்க. இப்போ 20 மீட்டர்னா கிராப்ல ரெண்டே சின்னக் கட்டம், எண்ணுறதும் ஈஸி.

உயரத்த அஞ்சு மடங்கு இழுத்துட்டோம் பாருங்க (500-ஐ 100-ஆல வகுத்தா 5), இதுதான் செங்குத்து மிகைப்படுத்தல். படத்துக்கு கீழ இத எழுதாம விட்டா மார்க் போகும்.

5. புள்ளி வச்சு சேருங்க

துண்ட அடிக்கோட்டுல வச்சு ஒவ்வொரு குறிக்கும் நேர் மேல அதோட உயரத்துல புள்ளி. சேக்கும்போது ஸ்கேல் வேண்டாம், கைய வளைச்சு வரைங்க.

மாட்டுற இடம் எதுன்னா, பக்கத்து பக்கத்துல ஒரே நம்பர் ரெண்டு தடவ வர்றது. ஆத்தோட ரெண்டு கரைலயும் 180 வந்தா நடுவுல தட்டையா இழுக்காதீங்க, 180-க்கு கீழ லேசா எறங்கணும், ஆனா 160-ஐ தொடக்கூடாது, தொட்டா அந்தக் கோடு மேப்லயே இருந்திருக்கும்ல. அதே மாதிரி உச்சில ரெண்டு 460 வந்தா கொஞ்சம் மேல தூக்குங்க, 480-க்கு கீழயே நிறுத்துங்க.

6. சரிவு கேட்டா

220-ல இருந்து 420-க்கு மேப்ல 3 செ.மீ. தூரம்னா 1,500 மீட்டர் போக 200 மீட்டர் ஏத்தம். 1,500-ஐ 200-ஆல வகுத்தா 7.5, அதாவது ஏழரை மீட்டர் நடந்தா ஒரு மீட்டர் ஏறுறோம். இத நீங்க வரைஞ்ச படத்துல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, அது அஞ்சு மடங்கு இழுத்த படம், செங்குத்தான பாறை மாதிரி தப்பா காட்டும்.

இன்னொண்ணு, A-ல நிக்கிறவருக்கு B தெரியுமான்னு கேப்பாங்க. படத்துல A-யையும் B-யையும் ஸ்கேல் வச்சு சேருங்க, நடுவுல மண்ணு அந்தக் கோட்ட தாண்டி மேல வந்தா தெரியாது.